பிறர் செய்த பொருத்தனை

தங்கை அழைத்தபோது இரவு பத்து மணி இருக்கும். "அக்கா, இவ திடப்படுத்தல் எடுக்க மாட்டேங்கா. பேராயர் வர்ற தேதி குறிச்சாச்சு. வெள்ளைப் புடவை எடுத்து, பிளவுஸும் தைக்கக் குடுத்தாச்சு. நீ வந்து பேசு. நீ சொன்னாத்தான் கேப்பா." பின்னாலிருந்து அவள் மகளின் குரல் கேட்டது: "பெரியம்மாவ எதுக்கு இதுல இழுக்கிய?"

வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். குழந்தையால் பேச முடியாது. அதனால் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதன் சார்பில் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்து பதினைந்து, பதினாறு வயதானதும் சில மாதம் வகுப்பு நடக்கும். விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், ஞானோபதேசம் எல்லாம் படித்து, அன்று பிறர் கொடுத்த வாக்கை இன்று தன் வாக்காகச் சபைமுன் சொல்ல வேண்டும். பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் நற்கருணை. ஊரில் இது அரைக் கல்யாணம் மாதிரி. சொந்தக்காரர்கள் வருவார்கள், பிரியாணி உண்டு, ஸ்டூடியோ போட்டோ உண்டு. பின்னாளில் கல்யாணத்துக்கு ஓலை எழுதப் போனால் "திடப்படுத்தல் எடுத்தாச்சா?" என்ற கேள்வியும் வரும். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் இதில் விளையாட மாட்டார்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஓரம். சிவப்பு மணலும் பனையும் தெரியத் தொடங்கும்போதே பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பதினேழு வயதுப் பெண்ணிடம் மதத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தோதானவள் யார்? சபையைத் திட்டிக் கவிதை எழுதியவள், வகுப்பறையில் இருபது வருடம் நின்றவள்.

மொட்டைமாடியில் அவள் சொன்னது இவ்வளவுதான். "வகுப்புல ஒண்ணே ஒண்ணு கேட்டேன் பெரியம்மா. இது உங்க சொந்த வாக்கு, யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாதுன்னு சொன்னாரு. அப்ப 'இப்ப வேண்டாம்'னு சொல்லலாமான்னு கேட்டேன். நாக்கு நீளம்னாரு. அம்மாவக் கூப்பிட்டு விட்டாரு."

"ஆண்டவரே இல்லைன்னு நெனைக்கியா?"

"அப்படிச் சொல்லல. எனக்கு இன்னும் தெரியல. தெரியாதத தெரியும்னு அத்தன பேருக்கு முன்னால சொல்லணுமா?"

அடுக்கி வைத்திருந்த எதுவும் இதற்கு உதவவில்லை. வேறொரு பெண்ணின் குரலும் அதில் கேட்டது. அது பதினான்கு வயதில் இருந்த என் குரல்.

*

1993. ஓய்வுநாள் பள்ளித் தேர்வுக்கு நியாயாதிபதிகள் புத்தகம் வைத்திருந்தார்கள். கிதியோனும் சிம்சோனும் எல்லோருக்கும் பிடிக்கும். நான் பதினோராம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

யெப்தா போருக்குப் போகிறான். வெற்றி தந்தால், திரும்பி வரும்போது என் வீட்டு வாசலிலிருந்து எது எதிர்கொண்டு வருகிறதோ அதைத் தகனபலியாகச் செலுத்துவேன் என்று கர்த்தருக்குப் பொருத்தனை செய்கிறான். வென்று திரும்புகிறான். தம்புரு அடித்து ஆடிக்கொண்டு ஓடி வருகிறாள் அவனுடைய ஒரே மகள். அவன் உடையைக் கிழித்துக்கொண்டு அவள்மீதே குறைப்படுகிறான், நீ என்னைக் கலங்கடித்தாய் என்று. அவள் இரண்டு மாதம் தவணை கேட்கிறாள். தோழிகளோடு மலைகளில் திரிந்து தன் கன்னிமைக்காகத் துக்கங்கொண்டாடிவிட்டுத் திரும்பி வருகிறாள். அவன் தன் பொருத்தனைப்படி அவளுக்குச் செய்கிறான். அவளைக் கொல்லவில்லை, ஆலயப் பணிக்குக் கன்னியாக விட்டுவிட்டான் என்று சொல்லும் விளக்கங்களும் உண்டு. பதினான்கு வயதில் எனக்கு அது தெரியாது. இன்று தெரிந்தும் அதில் ஆறுதல் இல்லை.

வகுப்புக்கு வந்திருந்த குருவானவரிடம் கேட்டேன். "ஐயா, ஈசாக்க வெட்டப்போறப்ப ஆண்டவர் தடுத்தாரு. புதர்ல ஆட்டுக்கடா இருந்திச்சு. இவளுக்கு ஏன் ஆடு வரல?" அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி எதுக்கு? மனப்பாட வசனம் சொல்லு" என்றார். பையன்கள் சிரித்தார்கள். வசனத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வருடத்து அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு. எங்கள் பக்கத்தில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். ஆண்கள் குழிவெட்டி அடுப்பு மூட்டிக் கிடாரங்களை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் தார்ப்பாயில் வட்டமாக உட்கார்ந்து விடிய விடியக் கத்தரிக்காய் நறுக்குவார்கள், உள்ளி உரிப்பார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, கையில் ஓர் அரிவாள்மனையைக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஆரம்பப் பள்ளியில் வேலை. வெகுநேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நீ கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாதுட்டி. நான் அந்த அதிகாரத்த வாசிக்கும்போதெல்லாம் அழுதிருக்கேன். ஆனா நீ கடைசி வசனம் வரைக்கும் வாசிக்கலன்னு நெனைக்கேன். போய் வாசி."

வாசித்தேன். இஸ்ரவேலின் குமாரத்திகள் வருடந்தோறும் நாலு நாள் போய் அவளை நினைத்துப் புலம்புவது வழக்கமாயிற்று என்று அந்த அதிகாரம் முடிகிறது. அப்பன் அவளைக் காப்பாற்றவில்லை. ஊர்ப் பெரியவர்கள் யாரும் குறுக்கே வந்ததாக எழுதவில்லை. ஆனால் மலைக்குக் கூடப்போன பெண்கள் இருந்தார்கள். அவளுக்குப் பிறகு, அவளைப் பார்த்தேயிராத பெண்கள் வருடத்தில் நாலு நாளை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். அவள் பெயரை வேதாகமம் சொல்லவில்லை. அவளை மறக்கக்கூடாது என்ற முடிவை மட்டும் அந்தப் பெண்கள் எடுத்திருக்கிறார்கள்.

என் விசுவாசம் எங்கே வேர்விட்டது என்று யாராவது கேட்டால் அந்தத் தார்ப்பாயைத்தான் காட்டுவேன். ஒரு பெரிய மனுஷி எனக்கும் தெரியாது என்று சொன்ன இடம் அது. சொன்ன கையோடு வேலையும் கொடுத்தார், அடுத்து எதை வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

*

பல வருடங்களுக்குப் பிறகு, மதுரையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஃபிலிஸ் டிரிபிள் 1984-ல் எழுதிய 'டெக்ஸ்ட்ஸ் ஆஃப் டெரர்' கையில் கிடைத்தது. ஆகார், தாமார், பெயரற்ற மறுமனையாட்டி, யெப்தாவின் மகள் என்று வேதாகமத்தில் வதைபட்ட நான்கு பெண்களைப் பற்றிய நூல். நான் கேட்ட கேள்வி உலகில் வேறு பெண்களும் கேட்ட கேள்வி என்று அன்று தெரிந்தது. அதே காலத்தில் புறநானூற்று மகட்பாற்காஞ்சிப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். வேந்தன் பெண் கேட்கிறான், தந்தை மறுக்கிறான், ஊர் அழியப்போகிறது. எல்லோரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள், அவள் மட்டும் பேசுவதில்லை. அந்தப் பெண்களுக்கும் பெயரில்லை.

படிக்கப் படிக்கச் சபையை விட்டு விலகினேன். பத்து வருடத்துக்கு மேல் கோயில் பக்கம் போகவில்லை. ஏன் என்று எங்கள் ஊர்ச் சபை ஒருமுறையும் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது "என்னம்மா, கோயிலுக்கு வரக் காணோமே" என்பார்கள். அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு.

இளைஞர்கள் சபையை விட்டுப் போகிறார்களே என்ற கவலை இப்போது எல்லா சேகரங்களிலும் பேசப்படுகிறது. கைப்பேசி கெடுத்தது, கல்லூரி கெடுத்தது, சினிமா கெடுத்தது என்று காரணம் சொல்கிறார்கள். அதற்கு மருந்தாக இசைக்கருவி வாங்குகிறார்கள், வாலிபர் முகாம் வைக்கிறார்கள், வெளியூரிலிருந்து பேச்சாளரை அழைக்கிறார்கள். இவற்றில் எனக்குப் பகை இல்லை. கோடை விடுமுறை வி.பி.எஸ்.ஸில் தட்டிய கைத்தாளமும், டிசம்பர்க் குளிரில் கேரல் போய் வீடுவீடாகக் குடித்த சுக்குக் காபியும் என் உடம்பில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த மகிழ்ச்சிகளால் என்னை நிறுத்தி வைக்க முடியவில்லை. நான் போனது பாட்டு பழசாக இருந்ததால் இல்லை. கேட்டதற்கு வாய் மூடச் சொன்னதால் போனேன்.

எங்கள் சபையில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் தெரியும். பையனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே மணியடிக்கும் வேலை வந்துவிடும். பிறகு மைக் செட், பிறகு வேதபாடம் வாசித்தல், பிறகு காணிக்கைத் தட்டு, நாற்பதில் கமிட்டித் தேர்தல். படிப்படியாக ஓர் ஏணி. பெண்பிள்ளை கோயிலைப் பெருக்குகிறாள், பீடத்துக்குப் பூ வைக்கிறாள், ஓய்வுநாள் பள்ளியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறாள், பாடகர் குழுவில் நிற்கிறாள். எல்லாம் நல்ல வேலைகள்தான், ஆனால் அறுபது வயதிலும் அதே வேலைகள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-ல். அதில் முதல் பெண் பேராயராக புஷ்பா லலிதா நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றது 2013-ல். இடையில் 66 ஆண்டுகள். இந்த 66 ஆண்டுகளில் ஊர்ச் சபைகளில் உட்கார்ந்திருந்த சிறுமிகள், விசுவாசம் என்பது ஆண்கள் பேசுவது, பெண்கள் கேட்பது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கோயிலையே பெண்கள்தான் தாங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஆச்சி சோற்றுக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவார். வீடுவீடாகச் சேர்ந்த அந்தப் பிடியரிசி காணிக்கையாகப் போனது. ஆச்சிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் ஒரு பெண்தான். திண்ணையில் வந்து உட்கார்ந்து வேதாகமத்தை வைத்தே அ, ஆ சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண். வெள்ளைச் சேலை கட்டி, குடை பிடித்துத் தேரியில் நடந்து வருவாளாம். ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. என் முனைவர் பட்டத்தின் அடியில் அந்தத் திண்ணை இருக்கிறது.

அம்மா இறந்தபோது நான் திரும்பி வந்தேன். சபைக்கு என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெண்களிடம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருடம் எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. விடியும்வரை அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனைகளைப் பாடினார்கள். என் வாயும் தானாகப் பாடியது. அன்றிலிருந்து வாசற்படியில் நிற்கிறேன். சில ஞாயிறு உள்ளே, சில ஞாயிறு வெளியே.

*

தங்கை மகளை மறுநாள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. குளோரிந்தா கட்டிய பழைய கோயிலைக் காட்டினேன். ஊர்மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை அவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவருடையது. 1785-ல் அந்தக் கோயில் பிரதிஷ்டையானது. அ. மாதவையா 1915-ல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

"வேண்டாம்னு சொன்ன பிறகும் ஏன் பெரியம்மா அங்கேயே நின்னாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு டீச்சரை நினைத்துக்கொண்டேன். "ஆனா திருநெல்வேலித் திருச்சபையோட கதைய எழுதுறவங்க எல்லாரும் அவங்க பேர்லேர்ந்துதான் தொடங்குறாங்க."

டீச்சருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. "பெண்கள் ஞாயிறுக்கு நீ வந்து பேசுட்டி" என்றார். பிரசங்கம் செய்ய எனக்கு வராது என்றேன். "பின்ன என்னதான் வரும்?" என்று கேட்டார். வகுப்பில் நான் செய்கிற ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். ஒரு செருப்புப் பெட்டியில் துளை போட்டு, ஓய்வுநாள் பள்ளி அறையில் மூன்று வாரம் வைத்தோம். பெயர் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் எழுதலாம். புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் குருவானவர் தடுக்கவில்லை. அதுவே பெரிய உதவி.

இருபத்தேழு சீட்டுகள் வந்தன.

"மாதவிலக்கு நாளில் நற்கருணை எடுக்கலாமா? அம்மா கூடாது என்கிறார்கள். வேதாகமத்தில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணுக்கு உதிரம் போய்க்கொண்டுதானே இருந்தது?"

"நான் விரும்புகிறவர் நம் திருச்சபைதான், ஆனால் வேறு சாதி. எங்களுக்கு ஓலை வாசிப்பார்களா?"

"டைனோசர் எந்த நாளில் படைக்கப்பட்டது?"

"ஜெபம் பண்ணும்போது யாரும் கேட்கிற மாதிரி தோன்றவில்லை. எனக்கு மட்டும்தானா?"

"என் அப்பா வீட்டில் அம்மாவை அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு எடுக்கிறார். அவர் தட்டை நீட்டும்போது எனக்கு ஜெபம் வரவில்லை."

பையன்களும் எழுதியிருந்தார்கள் என்பது கையெழுத்திலும் கேள்வியிலும் தெரிந்தது. அவர்களுக்கும் கேட்க இடம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

டீச்சர் ஒரு சீட்டையும் கிழிக்க விடவில்லை. நான்கு சனிக்கிழமைகள் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெண்களும் வாலிபப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். தெரிந்ததைச் சொன்னோம். தெரியாததற்குத் தெரியாது என்றோம். அறுபது வயதான ஒருத்தி, எனக்கும் பலநாள் ஜெபம் வருவதில்லை, வராத நாளில் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னபோது, ஒரு பெண் குனிந்து அழுதாள். அந்தச் சீட்டு அவளுடையதா, எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் இல்லை.

கடைசிச் சீட்டை வாசித்தபோது அறையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு நடுவயதுப் பெண்கள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். டீச்சர் முடிவில் ஒன்று மட்டும் சொன்னார்: "யார் எழுதினதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். என் வீட்டுக் கதவு ராத்திரி பூட்டாது. அம்மையும் மகளும் எந்நேரமும் வரலாம்." பத்து நாளில் ஒரு தாயும் பிள்ளைகளும் வந்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. பிள்ளைகளுக்குச் சந்தேகம் விதைக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒருவர் கடிதம் கொடுத்திருக்கிறார். தட்டு எடுப்பவர் யாராக இருக்க வேண்டும், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று டீச்சர் எழுதிக்கொடுத்த மனுவும் அதே கமிட்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் இல்லை. ஓலை வாசிப்பார்களா என்ற கேள்விக்கு, சட்டப்படி வாசிக்க வேண்டும் என்று குருவானவர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. சாதி பற்றிய அந்தத் தாழ்ந்த குரலையும் பிள்ளைகள் கவனித்தார்கள்.

நான் பார்த்தவரையில், பிள்ளைகளிடம் விசுவாசம் வளரச் சபை செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. கேள்வியைக் குற்றமாக்காத ஓர் இடம் வேண்டும். பெண்பிள்ளைக்கும் ஏறிப்போக ஓர் ஏணி வேண்டும். பெரியவர்கள் தங்கள் இருட்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்காக அவளுடைய இடம் போய்விடக் கூடாது. வேண்டாம் என்று சொல்லவே முடியாத இடத்தில் ஆம் என்று சொல்வது வாக்காகாது. அது யெப்தாவின் வீட்டு வாசலில் நடந்ததுதான். பொருத்தனை அப்பனுடையது, பலி மகள்.

திடப்படுத்தல் ஞாயிறு வந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள் வெள்ளை உடுத்தி முன்வரிசையில் இருந்தார்கள். தங்கை மகள் சாதாரணச் சுடிதாரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தோம். தன்னோடு படித்தவர்களைப் பார்க்க வந்தேன் என்றாள். தங்கை அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த வெள்ளைப் புடவை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

நற்கருணைக்கு வரிசை எழுந்தது. பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிகிற நேரம் அது. இரண்டாம் வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார். பீடத்தை நோக்கிப் போகவில்லை. கைத்தடியை ஊன்றி, நடுப்பாதையில் எதிர்ப்பக்கமாக நடந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி ஆள் வாங்கி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"டீச்சர் ஏன் பெரியம்மா போகல?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"அவங்ககிட்டயே கேளு" என்றேன்.

கேட்டிருக்கிறாள். "கால்வலிட்டி" என்றாராம்.

டீச்சருக்குக் கால்வலி உண்டு, அது பொய்யில்லை. ஆனால் இரண்டாம் வரிசையிலிருந்து பீடம் பத்தடி தூரம். கடைசி பெஞ்சு நாற்பதடிக்கு மேல் இருக்கும்.